போர்டில் பேர் இருக்கிறது, முகவரி இல்லை

கடலோர ஊர்களிலும் மறுகுடியமர்வுப் பகுதிகளிலும் மக்கள் அமைப்புகளில் வேலை செய்யும் தோழர்களுக்கு,

உங்களில் பலரை நேரில் அறிவேன். ஊர்க்கூட்டங்களில் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறோம். ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரே வேப்பமரத்தடியில் மணிக்கணக்காகக் காத்திருந்திருக்கிறோம். ஆங்கிலத்தில் வரும் திட்ட அறிக்கைகளைத் தமிழில் எடுத்துச் சொல்வதுதான் இருபது ஆண்டுகளாக என் வேலை. அந்த வேலையில் நான் செய்யத் தவறிய ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

நாகப்பட்டினம் கடற்கரையில் சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த ஒரு குடியிருப்பு. நான் போனபோது வீடுகளுக்கு ஐந்தாறு வயதுதான் ஆகியிருந்தது. ஒரு வீட்டில் தூளி கட்டியிருந்த இடத்துக்கு நேர் மேலே கூரைப் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. தூளியை நகர்த்திக் கட்ட வேறு இடமில்லை என்றார் அந்தப் பிள்ளையின் தாய். ஊர்ப் பஞ்சாயத்தாரில் மூத்தவர் ஒருவர், உரச்சாக்கில் சுற்றி வலை நூலால் கட்டிவைத்திருந்த ஒரு கோப்பை எடுத்துவந்து என் முன்னால் பிரித்தார். வட்டாட்சியருக்கு, ஆட்சியருக்கு, முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு என்று வரிசையாக மனுக்கள். ஒவ்வொன்றிலும் பதிவுத்தபால் ரசீது குண்டூசியால் குத்தியிருந்தது. "கடன் கொடுத்த பேங்குக்கு எழுதினீங்களாய்யா?" என்று கேட்டேன். அவர் குடியிருப்பின் நுழைவாயிலில் நின்ற பெயர்ப்பலகையைக் காட்டினார். வெயிலில் சாயம் போயிருந்தாலும் அந்தப் பன்னாட்டு வங்கியின் பெயரைப் படிக்க முடிந்தது.

"போர்டுல பேரு இருக்கும்மா. அட்ரஸ் இல்லியே."

அந்த வங்கியில் மக்களின் புகாரைக் கேட்கவென்றே தனி அலுவலகம் இருந்தது. அது எனக்குத் தெரியும். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பும் அதே ஊருக்கு வேறு வேலையாகப் போய் வந்திருக்கிறேன். அப்போது இதைச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அவர் கோப்பைக் காட்டிய நாளில் திட்டத்தின் கடன் கணக்கு மூடப்பட்டிருந்தது. கணக்கு மூடிய திட்டத்தின் மேல் மனு எடுக்க அன்றைய விதியில் இடமில்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

தோழர்களே, ஒன்றியமும் மாநிலமும் செய்யும் தவறுக்கு எங்கே போய்க் கேட்பது என்று நமக்கு ஓரளவு தெரியும். ஊராட்சித் தலைவரை அடுத்த தேர்தலில் இறக்கலாம், ஆட்சியரை முற்றுகையிடலாம், உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போடலாம். ஆனால் உலக வங்கி, அதன் கிளையான பன்னாட்டு நிதிக் கழகம், ஆசிய வளர்ச்சி வங்கி, ஐக்கிய நாடுகள் அவை போன்றவற்றுக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. அவர்கள் அலுவலகத்தின் மேல் நம் நீதிமன்றத்தின் அதிகாரமும் பெரும்பாலும் செல்லாது. விலக்குரிமை என்ற சட்டப் பாதுகாப்பு அவர்களுக்கு இருக்கிறது. பெரிய நாடுகள் மிரட்டி வேலை வாங்கக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய பாதுகாப்பு அது. நடைமுறையில் அது கடற்கரையில் மீன் உலர்த்தும் குடும்பத்துக்கு எதிராகத்தான் அதிகம் பயன்படுகிறது.

இந்தச் சுவரில் முதல் சன்னலைத் திறந்தவர்கள் நர்மதைப் பள்ளத்தாக்கு மக்கள். சர்தார் சரோவர் அணைக்கு உலக வங்கி 1985-இல் 45 கோடி டாலர் கடன் தர ஒப்புக்கொண்டது. எத்தனை பேர் வீடிழப்பார்கள், அவர்களுக்கு நிலம் எங்கே என்ற கணக்கு சரியாக இல்லாமலே பணம் போனது. அந்த மக்களோடு நின்று போராடிய மேதா பட்கர் 1989-இல் வாஷிங்டன் சென்று அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் சாட்சி சொன்னார். 1991 சனவரியில் குஜராத் எல்லையில் ஃபெர்குவாவில் மக்கள் குளிரில் கிடந்து உண்ணாவிரதம் இருந்தார்கள். அந்த ஆண்டே வங்கி, தன் வரலாற்றில் முதன்முறையாக, தான் பணம் கொடுத்த ஒரு திட்டத்தை வெளியார் ஆராய ஒரு குழுவை அமர்த்தியது. பிராட்ஃபோர்டு மோர்ஸ் தலைமையிலான அந்தக் குழு 1992 சூனில் கொடுத்த அறிக்கை, திட்டத்தில் அடிப்படையிலேயே கோளாறு இருக்கிறது, வங்கி பின்வாங்கி யோசிக்க வேண்டும் என்றது. 1993 மார்ச்சில் மீதிக் கடன் வேண்டாம் என்று இந்திய அரசே சொன்னது. அதே ஆண்டு செப்டம்பரில் உலக வங்கி தன் ஆய்வுக் குழுவை ஏற்படுத்தியது. பாதிக்கப்பட்ட இரண்டு பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் நேராக வங்கியின் இயக்குநர்களின் மேசைக்கு ஒரு மனு போய்ச் சேரும் வழி அப்படித்தான் பிறந்தது.

ஆனால் வங்கி விலகிய பிறகும் அணை எழுந்தது. மகாராஷ்டிரத்தில் முதலில் மூழ்கிய ஊர்களில் ஒன்று மணிபேலி. 2017-இல் 138.68 மீட்டர் உயரத்தோடு அணை நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. உலகத்தில் வேறெங்கோ இருக்கும் மக்களுக்கு மனுப் போடும் வழியை வாங்கிக் கொடுத்தவர்கள், தங்கள் நிலத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியவில்லை. இந்த வழியைப் பயன்படுத்தும்போதெல்லாம் நாம் அவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை மறக்காமல் இருக்கவே இதைச் சொல்கிறேன்.

இனி முந்த்ராவைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். நம் கடற்கரையில் இருப்பவர்களுக்கு மற்ற எந்த வழக்கையும்விட இது நன்றாகப் புரியும்.

குஜராத்தில் கட்ச் வளைகுடாவின் ஓரத்தில் முந்த்ரா. அங்கே மீனவர்கள், பெரும்பாலும் வாகேர் முஸ்லிம் குடும்பங்கள், மழைக்காலம் முடிந்ததும் பெண்டு பிள்ளைகளோடு ஊரைவிட்டுக் கடற்கரைக்கு வந்துவிடுவார்கள். அடுத்த மழை வரை எட்டொன்பது மாதம் அங்கேயே குடிசை போட்டுத் தங்கி, மீன் பிடித்து, உலர்த்தி, விற்பார்கள். அந்தத் தங்குமிடத்துக்குப் 'பந்தர்' என்று பெயர். நம் பக்கத்தில் 'வாடி' என்கிறோமே, கிட்டத்தட்ட அதே. படகில்லாதவர்கள் வற்றத்தில் சேற்றில் நடந்து போய் வலை கட்டுவார்கள். அவர்களைப் 'பகடியா' என்பார்கள்.

அந்தக் கரையில் 4,000 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் ஒன்றை டாடா பவரின் துணை நிறுவனமான கோஸ்டல் குஜராத் பவர் கட்டியது. 2008-இல் பன்னாட்டு நிதிக் கழகம் அதற்கு 45 கோடி டாலர் கடன் கொடுத்தது. நர்மதைக்கு ஒப்புக்கொண்ட அதே தொகை. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்த நாளில் எனக்குக் கொஞ்ச நேரம் கை ஓடவில்லை. கடன் ஒப்பந்தத்தில் சுற்றுச்சூழலையும் சுற்றியுள்ள மக்களையும் காக்கும் செயல்திட்டம் ஒன்றும் சேர்ந்திருந்தது. அதை மீறினால் கடனை நிறுத்தும் உரிமை கழகத்தின் கையில் இருந்தது.

மின்நிலையம் கடலிலிருந்து தண்ணீரை எடுத்துக் குளிர்விப்புக்குப் பயன்படுத்திவிட்டு, சூடான நீரைக் கடலிலேயே விட்டது. கரையோர மீன் விலகிப் போய்விட்டது என்றார்கள் மக்கள். கால்வாய் வெட்டியதால் பந்தருக்குப் போகும் வழி சுற்றுவழியானது. உலர்த்திய மீனில் நிலக்கரித் தூளும் சாம்பலும் படிந்தன. கருவாடு போடும் பெண்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கறுத்த கருவாட்டை எந்த வியாபாரி எடுப்பான்? நவினால் என்ற ஊரில் கிணற்று நீர் உப்பானது என்று விவசாயிகள் சொன்னார்கள்.

மச்சிமார் அதிகார் சங்கர்ஷ் சங்கட்டன் என்ற மீனவர் உரிமை அமைப்பு 2011-இல் கழகத்தின் குறைகேள் அலுவலகத்துக்கு மனுப் போட்டது. அலுவலகம் ஆட்களை அனுப்பி விசாரித்தது. 2013-இல் வந்த தணிக்கை அறிக்கையை நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது படிக்க வேண்டும். பருவத்துக்கு வந்து தங்கும் மீனவக் குடும்பங்களைக் கழகம் பாதிக்கப்படுபவர்களாக உரிய முறையில் கணக்கில் எடுக்கவில்லை, அவர்களைக் கலந்துபேசியது போதாது, மேற்பார்வையிலும் குறை இருந்தது என்று அது சொன்னது. யோசித்துப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக வருடத்தில் எட்டு மாதம் வாழும் இடம், பட்டா இல்லை, கதவு எண் இல்லை என்பதால் அறிக்கையில் வெற்றுக் கரையாகிவிட்டது. எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் வேலை செய்த உங்களுக்கு இது புதிதாக இருக்காது.

கழகம் அந்த முடிவுகளில் பலவற்றை ஏற்க மறுத்துப் பதில் எழுதியது. சொந்த வீட்டுத் தணிக்கையாளர் எழுதியதைச் சொந்த வீடே தள்ளிவைத்தது. குறைகேள் அலுவலகத்தால் அதற்கு மேல் கண்காணிப்பு அறிக்கை எழுத முடியும். இழப்பீடு கொடு என்று உத்தரவிட அதற்கு அதிகாரமில்லை.

அப்போதுதான் முந்த்ரா மக்கள் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்றைச் செய்தார்கள். 2015-இல் எர்த்ரைட்ஸ் இன்டர்நேஷனல் என்ற சட்ட உதவி அமைப்பின் துணையோடு, கழகத்தின் தலைமையகம் இருக்கும் வாஷிங்டனிலேயே வழக்குப் போட்டார்கள். மீனவர்கள், விவசாயிகள், அவர்களோடு நவினால் ஊராட்சியும் வாதி. ஓர் இந்திய ஊராட்சி பன்னாட்டு நிதிக் கழகத்தை அமெரிக்க நீதிமன்றத்துக்கு இழுத்தது. ஊராட்சிகளைச் சும்மா சான்றிதழ் கொடுக்கும் இடமாகப் பார்ப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லுங்கள்.

வழக்கின் முடிச்சு 1945-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றில் இருந்தது. அயல்நாட்டு அரசுகளுக்கு என்ன விலக்குரிமை உண்டோ அதே உரிமை பன்னாட்டு அமைப்புகளுக்கும் உண்டு என்கிறது அந்தச் சட்டம். அன்றைக்கு அயல்நாட்டு அரசின் மேல் வழக்கே போட முடியாத நிலை. 1976-இல் வந்த இன்னொரு சட்டம், வணிகம் செய்தால் அரசின் மேலும் வழக்குப் போடலாம் என்றது. அப்படியானால் பன்னாட்டு அமைப்புக்குப் பொருந்துவது பழைய நிலையா, இன்றைய நிலையா? கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பழைய நிலைதான் என்று வழக்கைத் தள்ளின. 2019 பிப்ரவரி 27 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏழுக்கு ஒன்று என்ற கணக்கில், இன்றைய நிலைதான் பொருந்தும் என்று தீர்ப்புச் சொன்னது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் எழுதிய அந்தத் தீர்ப்புக்குப் புதா இஸ்மாயில் ஜாம் என்ற மீனவரின் பெயர் இருக்கிறது. சட்டக் கல்லூரிகளில் இன்று அந்தப் பெயரைச் சொல்லித்தான் பாடம் நடக்கிறது.

இங்கே நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். நிறுத்தக் கூடாது. வழக்கு கீழே திரும்பிப் போனது. நடந்த தீங்கின் மையம் இந்தியாவில் இருக்கிறது, அமெரிக்காவில் அல்ல, அதனால் வணிக விதிவிலக்கு செல்லாது என்று 2020-இல் மறுபடி தள்ளினார்கள். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2021-இல் அதை உறுதிசெய்தது. 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மறுபடி கேட்க மறுத்துவிட்டது. முதல் மனுவிலிருந்து பதினோரு ஆண்டு. தணிக்கை அறிக்கை அவர்கள் பக்கம், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு அவர்கள் பக்கம். அந்த வழக்கால் கழகத்திடமிருந்து முந்த்ராக் கரைக்கு ஒரு காசு வரவில்லை.

இந்த நிலை கடன் கொடுக்கும் வங்கிகளோடு நிற்பதில்லை. ஹெய்ட்டியில் 2010 அக்டோபரில் ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்து காலரா பரவியது. ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். படை அங்கே தங்கப் போட்ட ஒப்பந்தத்திலேயே, மக்களின் இழப்பீட்டுக் கோரிக்கையை விசாரிக்க ஓர் ஆணையம் அமைப்போம் என்று எழுதியிருந்தது. அந்த ஆணையம் அமைக்கப்படவே இல்லை. 2013-இல் கோரிக்கைகள் ஏற்கத்தக்கவை அல்ல என்று பதில் வந்தது. 2016 டிசம்பரில் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். 40 கோடி டாலர் திரட்டுவோம் என்றார்கள். வந்து சேர்ந்தது அதில் சிறு பங்குதான்.

இலங்கையின் வன்னியை நான் உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. 2008 செப்டம்பரில் கிளிநொச்சியிலிருந்து ஐ.நா.வின் வெளிநாட்டுப் பணியாளர்கள் கிளம்பியபோது, வாசலில் கூடிய மக்கள் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். போர் முடிந்து மூன்றாண்டுகளுக்குப் பின், 2012 நவம்பரில், சார்ல்ஸ் பெட்ரி தலைமையிலான ஐ.நா.வின் உள்ளக விசாரணைக் குழு, அங்கே ஐ.நா. கடுமையாகத் தவறியது என்று தன் கையாலேயே எழுதியது. கையில் இருந்த உயிரிழப்புக் கணக்கை வெளியிடத் தயங்கியதையும் எழுதியது. அதன் பிறகு புதிய நெறிமுறை அறிவித்தார்கள். 2019-இல் மியான்மார் பற்றி வந்த உள்ளக அறிக்கை, அமைப்பே தவறியது என்று மறுபடியும் எழுதியது.

முந்த்ரா, ஹெய்ட்டி, வன்னி ஆகிய மூன்று இடத்திலும் ஒன்றைக் கவனியுங்கள். தவறு நடக்கவில்லை என்று இந்த அமைப்புகள் மறைத்துவிட முடியவில்லை. அவர்களே விசாரித்தார்கள், அவர்களே எழுதினார்கள். எழுதியதோடு முடித்துக்கொண்டார்கள். தவறைக் கண்டுபிடிக்க அலுவலகம் வைத்தவர்கள் அதைச் சரிசெய்யப் பணம் ஒதுக்கவில்லை. என் வாதம் முழுவதும் இந்த ஓர் இடத்தில்தான் இருக்கிறது. நம் குடிமைச் சமூக அமைப்புகளும் அறிக்கை வந்ததும் வெற்றி என்று கூட்டம் போட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகின்றன. நானும் அப்படிக் கைதட்டிய கூட்டங்களில் இருந்திருக்கிறேன். அறிக்கை வந்த நாள் வேலை தொடங்கும் நாள்.

கொஞ்சம் அசைவு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பன்னாட்டு நிதிக் கழகத்தின் பொறுப்புக்கூறலைப் பற்றி 2020-இல் வந்த வெளி ஆய்வு, பாதிப்பைச் சரிசெய்யும் செலவில் கழகமும் பங்கேற்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 2021 முதல், விசாரணை முடிவுக்குப் பிறகு கழகம் என்ன செய்யப்போகிறது என்ற செயல்திட்டம் இயக்குநர் குழுவின் ஒப்புதலுக்குப் போகவேண்டும் என்று விதி மாறியிருக்கிறது. உலக வங்கியின் ஆய்வுக் குழுவும் இப்போது கடன் முடிந்து 15 மாதம் வரை மனு ஏற்கிறது. நாகப்பட்டினத்துக் கோப்பு இன்றைய விதியில் போயிருந்தால் எடுத்திருப்பார்களோ என்னவோ. இந்த மாற்றங்களில் எதுவும் வாஷிங்டனில் யாருக்கோ மனம் இளகி வந்ததில்லை. முந்த்ராவைப் போன்ற ஊர்கள் விடாமல் நின்றதால் வந்தது.

இயக்குநர் குழு என்றேன். உலக வங்கியில் 25 இயக்குநர்கள் இருக்கிறார்கள். இந்தியா, வங்கதேசம், பூட்டான், இலங்கை ஆகிய நான்கு நாடுகளுக்கும் சேர்த்து ஒரே நாற்காலி. அதில் உட்காருபவர் நம் ஒன்றிய அரசு அனுப்பும் ஆள். முந்த்ரா போன்ற ஒரு வழக்கின் செயல்திட்டம் மேசைக்கு வரும்போது அவர் என்ன சொன்னார் என்று நாடாளுமன்றத்தில் யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் தொகுதியில் யாரும் தங்கள் உறுப்பினரிடம் அதைக் கேட்பதில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் உலக வங்கிக்குச் செல்லாது. ஆனால் கடனைக் கையாளும் நிதி அமைச்சகத்துக்கு நன்றாகவே செல்லும்.

இனி நம்மைப் பற்றி. கோபித்துக்கொள்ளாதீர்கள். மக்களின் பெயரில் போகும் மனுக்கள் பலவற்றை அந்த மக்கள் படித்ததே இல்லை. ஆங்கிலத்தில் எழுதி, நகரத்தில் திருத்தி, கடைசியில் கைநாட்டு வாங்கக் கிராமத்துக்குக் கொண்டு போகிறோம். பன்னாட்டு நிதிக் கழகத்தின் குறைகேள் அலுவலகம் எந்த மொழியில் எழுதினாலும் எடுத்துக்கொள்ளும், தமிழிலும்தான். வழக்கறிஞர் தேவையில்லை. பழிவாங்குவார்கள் என்ற பயம் இருந்தால் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்கலாம். இவ்வளவு இருந்தும் தமிழில் எழுதாமல் இருப்பது நம் சோம்பல். இன்னொன்றும் உண்டு. நமக்கு நிதி தரும் இடங்களிலும் இந்தப் பெரிய அமைப்புகளின் பணம் இருக்கலாம். இருந்தால் ஊர்க்கூட்டத்தில் முதல் ஆளாக நாமே அதைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவரிடம் கணக்குக் கேட்கப் போகும்போது நம் கணக்கு பாயில் விரித்திருக்க வேண்டும்.

எதிர்பார்ப்பை ஊதிவிடவும் வேண்டாம். மனுப் போட்டால் வங்கி வந்து வீட்டைக் கட்டித் தரும் என்று சொல்லி மக்களை ஏமாற்றக் கூடாது. ஆண்டுக்கணக்கில் ஆகும், கடைசியில் ஒன்றும் கிடைக்காமலும் போகலாம் என்று முந்த்ராக் கதையை முழுதாகச் சொல்லுங்கள். முழுதாகக் கேட்ட பிறகு ஊர் போடும் மனுதான் பாதியில் உடையாது.

உங்களிடம் ஒரு காரியம் கேட்கிறேன். உங்கள் வட்டாரத்தில் சாலை, குடியிருப்பு, துறைமுகம், மின்நிலையம், கடலோரத் தடுப்பு என்று எந்தத் திட்டப் பலகையிலாவது வெளிநாட்டு வங்கியின் பெயரையோ பன்னாட்டு அமைப்பின் சின்னத்தையோ பார்த்தால், அதன் குறைகேள் அலுவலக முகவரி, கடன் முடியும் தேதி, மனுவுக்குக் கடைசி நாள் ஆகிய மூன்றையும் தேடி எடுத்து, பெரிய எழுத்தில் தமிழில் எழுதி, ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் கொடுங்கள். மீன் ஏலம் நடக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். தேடத் தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள். இந்த ஆண்டு சுனாமி நினைவு நாளுக்குள், டிசம்பர் 26-க்குள், நாம் ஆளுக்கு ஐந்து பலகைகளுக்காவது இதை முடித்துவிட வேண்டும்.

தோழமையுடன்,
உங்களில் ஒருத்தி